அட்வான்ஸ்டு இங்கிலீஷ் வார்த்தை லிஸ்ட் படிச்சா மனசுல நிக்கமாட்டேங்குது, கடலூர் பாண்டி பக்கம் படிச்சவங்க வழி சொல்லுங்க

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூர். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், பிஎஸ்சி முடிச்சிட்டு இப்ப மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சைக்கு படிக்கிறேன். கோச்சிங்ல ஒரு பிடிஎஃப் குடுத்தாங்க, இந்தப்பக்கம் இங்கிலீஷ் வார்த்தை அந்தப்பக்கம் தமிழ் அர்த்தம், அவ்ளோதான், பக்கம் பக்கமா போய்க்கிட்டே இருக்கு. ராத்திரி படிச்சது காலைல ஞாபகம் இருக்கு, ஒரு வாரம் கழிச்சு பாத்தா மிட்டிகேட்னா தணித்தல், அலீவியேட்னாலும் தணித்தல், அஸ்வேஜ்னாலும் தணித்தல், பசிஃபைனாலும் தணித்தல்னு எல்லாம் ஒண்ணா கலந்து குழம்பிடுது. கோடிட்ட இடத்துக்கு இந்த நாலுமே ஆப்ஷனா வந்தா எதை டிக் பண்றதுன்னு தெரியல. பரீட்சைக்காக மட்டும் கேக்கல, நல்ல இங்கிலீஷ் படிச்சு புரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எங்க ஆரம்பிக்கலாம்?

நெல்லிக்குப்பம் கரும்பு:
தங்கச்சி, பரீட்சைக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், மத்தத மத்தவங்க சொல்லட்டும். மொத கட்ட பரீட்சைல, அதாவது டியர் ஒன்ல, இங்கிலீஷ் 25 கேள்வி 50 மார்க், தப்பா போட்டா அரை மார்க் போயிடும். அதுல சினானிம், ஆன்டனிம், ஒன் வேர்டு சப்ஸ்டிட்யூஷன், இடியம், ஸ்பெல்லிங் எல்லாம் நேரடியா வார்த்தைய கேக்கறது, க்ளோஸ் டெஸ்ட் மட்டும் பத்தியோட அர்த்தம் புரிஞ்சு போடுறது. நேரடியா கேக்கறதுல பழைய கொஸ்டின் பேப்பர்ல வந்த வார்த்தையே திரும்பத் திரும்ப வருது, அதனால யாரோ தொகுத்த பிடிஎஃப்ப அ-லேர்ந்து ஃ வரைக்கும் உருப்போடறத விட பழைய பேப்பர எடுத்து நீயே ஒரு நோட்டு போடு. ஆப்ஷன்ல தப்பா குடுத்திருக்கற மூணு வார்த்தையும் சேத்து எழுதிக்கோ, அடுத்த வருஷம் அதுவே கேள்வியா வரலாம். லிஸ்ட் வேண்டாம்னு இங்க நெறைய பேர் சொல்லப்போறாங்க, பரீட்சை பக்கத்துல வந்துட்டவங்களுக்கு லிஸ்ட் வேணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சில்வர்பீச் காத்து:
தமிழ் அர்த்தம் எழுதறத மொதல்ல நிறுத்துங்க. இங்கிலீஷ இங்கிலீஷ்லயே நெனைக்கணும், இல்லன்னா காலம் பூரா மனசுக்குள்ள ட்ரான்ஸ்லேஷன்தான் ஓடும். இங்கிலீஷ்-இங்கிலீஷ் டிக்‌ஷனரி ஒண்ணு வாங்குங்க, போதும்.

பண்ருட்டி பலா:
சில்வர்பீச் அண்ணே, இத நான் ஒத்துக்கமாட்டேன். தப்பு தமிழ்ல இல்ல, அந்த பிடிஎஃப்ல போட்டிருக்கற தமிழ்லதான். நாலு வார்த்தைக்கும் "தணித்தல்"னு போட்டா எவனுக்குதான் குழம்பாது? நாம வீட்ல பேசற தமிழ எடுத்து வச்சு பாருங்க. மிட்டிகேட்னா வரப்போற கெடுதலோட வீரியத்த கொறைக்கறது, புயலுக்கு முன்னாடி வாய்க்கால் தூர் வாரி வைக்கறோம்ல அது. அலீவியேட்னா வலியோ கஷ்டமோ கொஞ்சம் லேசாகறது, தைலம் தேச்சா தலைவலி விட்ட மாதிரி இருக்கே அது. அஸ்வேஜ்னா மனசுல கெடக்கற பயம், குத்த உணர்ச்சி, கோவம் இதையெல்லாம் ஆத்தறது. பசிஃபைங்கறது ஆளையே சமாதானப்படுத்தறது, அழுவற கொழந்தைய, கத்தற கூட்டத்த. இப்ப நாலும் தனித்தனியா நிக்குதா இல்லையா?

இன்னொண்ணு கேளுங்க. ஃப்ரூகல், பார்சிமோனியஸ், மைசர்லி. பிடிஎஃப்ல மூணுக்கும் சிக்கனம், கஞ்சத்தனம்னு மாத்தி மாத்தி போட்டிருப்பான். ஃப்ரூகல்னா எங்க அம்மா மாதிரி, பாத்து பாத்து செலவு பண்றவங்க, அது பாராட்டு. பார்சிமோனியஸ்னா கையிறுக்கம், அதுல ஒரு கொறை சொல்ற தொனி வந்துடுது. மைசர்லின்னா எச்சக்கையால காக்கா ஓட்டாதவன். இந்த தொனி தெரியாம அர்த்தம் மட்டும் தெரிஞ்சா நல்ல மனுஷன போய் பார்சிமோனியஸ்னு எழுதி வச்சிடுவோம். தமிழ்ல இவ்ளோ நுணுக்கமா சொல்ல முடியும்போது அத எதுக்கு தூக்கி போடணும்?

லாஸ்பேட்டை டீச்சர்:
பலா தம்பி சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, அந்த நாலு வார்த்தைய வகுப்புல அப்படியே சொல்லிக்குடுப்பேன். ஆனா கெடிலக்கரை, அதுக்கு முன்னாடி வேற ஒரு கேள்வி இருக்கும்மா, எந்த வார்த்தைய படிக்கப்போறீங்க? லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் ஒரே அளவுக்கு உபயோகம் ஆகறது இல்ல.

டாக்காவுல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர், அடிக்கடி வர்ற வார்த்தைகள எண்ணிப்பாத்து 1953ல சுமார் 2000 வார்த்தை கொண்ட ஒரு பட்டியல் போட்டார். அதுதான் அஸ்திவாரம். அதுக்கு மேல 2000த்துல நியூசிலாந்து வெலிங்டன்ல அவரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா, காலேஜ் பாடப்புத்தகம், கட்டுரை எல்லாத்துலயும் துறை வித்தியாசம் இல்லாம வர்ற 570 வார்த்தைக் குடும்பத்த (ஒரே வார்த்தைலேர்ந்து கெளைக்கறது எல்லாம் ஒரு குடும்பம்) எடுத்தாங்க. அந்த 570 மட்டும் தெரிஞ்சா படிப்பு சம்பந்தப்பட்ட எழுத்துல பத்துல ஒரு பங்கு வார்த்தை புரிஞ்சிடும். அனலைஸ், சிக்னிஃபிகன்ட், டெரைவ், கான்ட்ராடிக்ட் மாதிரி வார்த்தைங்க. இது தெரியாம ஒருத்தர் நேரா செஸ்குவிபெடாலியன் (ரொம்ப நீளமான வார்த்தைக்கு சொல்றது) படிச்சா என்ன பிரயோஜனம், எந்த பேப்பர்லயும் அது வரப்போறது இல்ல.

பால் நேஷன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2006ல கணக்கு போட்டு சொன்னார், யார் உதவியும் இல்லாம ஒரு நாவலோ செய்தித்தாளோ படிக்கணும்னா எட்டாயிரம் ஒம்பதாயிரம் வார்த்தைக் குடும்பம் வேணும்னு. பெரிய எண்ணா தெரியும், பயப்படாதீங்க. குடும்பம்னா டிசைட், டிசிஷன், டிசைசிவ், இன்டிசைசிவ் எல்லாம் சேந்து ஒண்ணுதான். பிஎஸ்சி இங்கிலீஷ்ல படிச்ச பொண்ணுக்கு அதுல நெறைய ஏற்கனவே வந்திருக்கும்.

அப்பறம் சில்வர்பீச் சார், இங்கிலீஷ் டிக்‌ஷனரி விஷயத்துல நீங்க சொல்றது பாதி சரி. ஆனா எந்த டிக்‌ஷனரிங்கறது முக்கியம். லேர்னர்ஸ் டிக்‌ஷனரின்னு கேட்டு வாங்கணும். 1978ல லாங்மேன்ல வந்ததுல சுமார் 2000 எளிய வார்த்தைய வச்சே எல்லா அர்த்தத்தையும் எழுதிட்டாங்க, மத்தவங்களும் அந்த வழிக்கு வந்தாங்க. சாதாரண டிக்‌ஷனரில ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாத்தா அந்த அர்த்தத்துல இருக்கற மூணு வார்த்தைக்கு மறுபடி அர்த்தம் தேடணும்.

கெடிலக்கரை:
டீச்சர் ரொம்ப நன்றி, பலா அண்ணா உங்களுக்கும். அந்த நாலு வார்த்தை இனிமே ஜென்மத்துக்கும் மறக்காது. ஒரு சந்தேகம், தமிழ்ல புரிஞ்சிடுது சரி, ஆனா இங்கிலீஷ்ல அத எது கூட போடணும்னு எப்படி தெரியும்? மிட்டிகேட் தலைவலின்னு சொல்லலாமா?

லாஸ்பேட்டை டீச்சர்:
இதுதாம்மா விஷயமே. இலக்கணப்படி தப்பு இல்ல, ஆனா இங்கிலீஷ்காரங்க அப்படி சொல்லமாட்டாங்க. மிட்டிகேட் கூட ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட், எஃபெக்ட் வரும். அலீவியேட் கூட பெயின், பாவர்ட்டி, சஃபரிங், சிம்ப்டம் வரும். அஸ்வேஜ் கூட கில்ட், ஃபியர், ஆங்கர். நாம தமிழ்ல மழை பெய்யுதுன்னுதான் சொல்வோம், மழை விழுதுன்னு சொன்னா வேத்து ஆள்னு தெரிஞ்சிடும்ல, அதே மாதிரி அங்கயும் எந்த வார்த்தைக்கு எது ஜோடின்னு ஒரு பழக்கம் இருக்கு. கோலொகேஷன்னு சொல்வாங்க. அதனால நோட்டுல ஒத்த வார்த்தைய எழுதாதீங்க, எப்பவும் ஜோடியா எழுதுங்க. அலீவியேட் பாவர்ட்டி. ரீக் ஹேவக், பெரிய நாசம் பண்றது. கமிட் எ க்ரைம். க்ளோஸ் டெஸ்ட்ல நெறைய கேள்வி இந்த ஜோடிய வச்சு வருது, கரும்பு தம்பி சொன்ன அந்த 25லயும் இது உதவும்.

தேவனாம்பட்டினம் அலை:
ஜோடியா படிக்கறதுக்கு நான் பண்றத சொல்றேன், நம்ம ஊருக்கு ரொம்ப பொருந்தும். ஒரே விஷயத்த பத்தி நாலஞ்சு நாள் தொடர்ந்து வர்ற நியூஸ இங்கிலீஷ்ல படிங்க. அதுக்கு புயல் நியூஸ விட நல்லது எதுவும் இல்ல, ஏன்னா என்ன நடந்துச்சுன்னு நமக்கு ஏற்கனவே தெரியும், வார்த்தை மட்டும்தான் புதுசு. 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் நம்ம தலைல எறங்குனது யாருக்கு மறக்கும், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டிகிட்ட கரைய கடந்தது. அதோட பின்னாடி சாத்தனூர் அணைய தெறந்து தென்பெண்ணைல தண்ணி வந்து நம்ம பக்கத்து கிராமமெல்லாம் மூழ்குச்சு. அந்த தேதி போட்டு பழைய நியூஸ் தேடி படிச்சு பாருங்க.

லேண்ட்ஃபால்னா கரையை கடக்கறது. இனன்டேட்னா ஊரே தண்ணில மூழ்கறது, அதே வார்த்தைய கம்ப்ளெய்ன்ட் குவியறதுக்கும் போடுவான், இனன்டேட்டட் வித் கம்ப்ளெய்ன்ட்ஸ்னு. மரூன்ட்னா சுத்தி தண்ணி, நடுவுல மாட்டிக்கறது. ப்ரீச்னா ஏரிக்கரை ஒடையறது, அப்பறம் அதே ப்ரீச் வக்கீல் நோட்டீஸ்லயும் வரும், ப்ரீச் ஆஃப் கான்ட்ராக்ட், அங்க ஒடையறது ஒப்பந்தம். ரிசீட்னா வெள்ளம் வடியறது, முன்மண்டைல முடி கொட்டி நெத்தி ஏர்றதையும் ரிசீடிங் ஹேர்லைன்னுதான் சொல்றான். சப்ஸைட்னா அடங்கறது, தண்ணிக்கும் சொல்லலாம், ஜுரத்துக்கும் கோவத்துக்கும் சொல்லலாம். ஒரு வார்த்தை மொதல்ல கண்ணால பாத்த பொருளுக்கு வந்து அப்பறம் கண்ணுக்கு தெரியாத விஷயத்துக்கு போவுது, அந்த பாதைய பிடிச்சிட்டா ரெண்டாவது அர்த்தத்த தனியா மனப்பாடம் பண்ணவே வேணாம். சைக்ளோன்ங்கற வார்த்தையே கல்கத்தாவுல இருந்த ஹென்றி பிடிங்டன் நம்ம வங்கக்கடல் புயல ஆராய்ச்சி பண்ணி 1848ல வச்ச பேரு, பாம்பு சுருண்ட மாதிரிங்கற கிரேக்க வார்த்தைலேர்ந்து எடுத்தது.

வைசியாள் வீதி:
ஸ்கூல்ல ரெண்டாவது பாஷையா பிரெஞ்சு எடுத்தவங்க பாண்டில நெறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு ஒரு பெரிய சொத்து கைல இருக்கு, பல பேர் அத இங்கிலீஷுக்கு உபயோகிக்கறதே இல்ல. 1066ல நார்மன்டிக்காரன் இங்கிலாந்த பிடிச்சான், அதுக்கப்பறம் ரொம்ப காலம் அரண்மனை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு. அதனாலதான் இங்கிலீஷ்ல ஒரே விஷயத்துக்கு வீட்டு வார்த்தை ஒண்ணு, ஆபீஸ் வார்த்தை ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டா இருக்கு. பிகின் வீட்டு வார்த்தை, கமென்ஸ் ஆபீஸ் வார்த்தை. ஹெல்ப், எய்ட். ஃப்ரீடம், லிபர்ட்டி. அட்வான்ஸ்டுன்னு லிஸ்ட்ல வர்றதுல பெரும்பகுதி இந்த பிரெஞ்சு, லத்தீன் வழி வந்ததுதான்.

ஆனா கண்ண மூடிக்கிட்டு நம்பவும் கூடாது. பிரெஞ்சுல அசிஸ்தேன்னா கூட்டத்துக்கு போய் கலந்துக்கறது, இங்கிலீஷ் அசிஸ்ட் உதவி பண்றது. பிரெஞ்சுல சான்சிபிள்னா சட்டுனு மனசு தொட்டுடற ஆளு, இங்கிலீஷ்ல சென்சிபிள்னா விவரமான ஆளு. துமாந்தேன்னா சும்மா கேக்கறது, இங்கிலீஷ்ல டிமான்ட் பண்ணா அதிகாரமா கேக்கறது, ஒரு ஆபீஸருக்கு லெட்டர்ல ஐ டிமான்ட்னு எழுதிட்டா என்ன ஆவும்னு யோசிச்சுக்கோங்க.

பிரெஞ்சு படிக்காதவங்க லத்தீன் வேர் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா போதும். லொக்னா பேச்சு: எலக்வன்ட்னா அழகா பேசறவர், லொக்வேஷியஸ்னா வாயாடி, கொலோக்வியல்னா பேச்சுவழக்கு. க்ரெக்னா மந்தை: க்ரிகேரியஸ்னா நாலு பேரோட சேந்தே இருக்க பிடிச்சவர், செக்ரிகேட்னா மந்தைலேர்ந்து பிரிக்கறது, காங்க்ரிகேஷன் கூடறது. எக்ரீஜியஸ்னா மந்தைய விட்டு தனியா தெரியறது, ஒரு காலத்துல அது பாராட்டு, இப்ப சகிக்க முடியாத அளவு மோசம்னு ஆயிடுச்சு. எக்ரீஜியஸ் எர்ரர்னு படிச்சா அப்படித்தான் எடுத்துக்கணும்.

நெல்லிக்குப்பம் கரும்பு:
வைசியாள் அண்ணே அருமை. அதோட எனர்வேட்டயும் சேத்துடுங்க, பரீட்சைல ரொம்ப பேர கவுக்கற வார்த்தை. எனர்ஜி மாதிரி சத்தம் கேக்கறதால தெம்பு குடுக்கறதுன்னு டிக் பண்ணிடறாங்க, அர்த்தம் நேர் எதிர், நரம்ப உருவி எடுத்த மாதிரி ஆள தளரவிடறது. டிஸ்இன்ட்ரஸ்டடும் அப்படித்தான், ஆர்வம் இல்லாதவன் இல்ல, எந்தப்பக்கமும் சாயாதவன், நடுநிலை. ஆர்வம் இல்லாதவன் அன்இன்ட்ரஸ்டட்.

சில்வர்பீச் காத்து:
பலா தம்பி, நீங்க சொன்ன ஃப்ரூகல் உதாரணம் படிச்சப்பறம் நான் கொஞ்சம் மாறிக்கிறேன், பேச்சுத்தமிழ்ல புரிஞ்சுக்கறது சரிதான். ஆனா பேசும்போது தமிழ் குறுக்க வரக்கூடாதுங்கறத மட்டும் விடமாட்டேன். இன்னொரு விஷயம் யாரும் சொல்லல, கேஷ்ங்கற வார்த்தை நம்ம காசுலேர்ந்து போனதுதானே? நம்ம தமிழ் எவ்ளோ வார்த்தைய இங்கிலீஷுக்கு குடுத்திருக்கு!

வைசியாள் வீதி:
அது பாதிதான் சரி சார். பழைய காலத்துல இங்க பொழங்குன சின்ன செப்புக்காச வெள்ளைக்காரன் கேஷ்னு எழுதுனான், அது நம்ம காசு. இப்ப கைல இருக்கற ரொக்கத்துக்கு சொல்ற கேஷ் பிரெஞ்சு கேஸ்லேர்ந்து வந்தது, பணப்பெட்டி. ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. கட்டமரான், மிளகுத்தண்ணிலேர்ந்து போன மல்லிகடாணி, சுருட்டுலேர்ந்து போன ஷெரூட், இதெல்லாம் சந்தேகமே இல்லாம நம்மளுது.

உப்பளம் வாசகன்:
உச்சரிப்ப பத்தி யாராவது சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தயவுசெஞ்சு வார்த்தைய தமிழ்ல எழுதி வச்சு மட்டும் படிக்காதீங்க. நமக்கு பாலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ப, அதனால நோட்டுல எழுதி வச்சா எது எந்த ஒலின்னு அப்பறம் தெரியாது. அதுக்கு மேல எழுத்தே ஏமாத்தற வார்த்தை வேற இருக்கு. எபிட்டோம் இல்ல, எபிட்டமி. ஹைப்பர்போல் இல்ல, ஹைபர்பலி. இன்டிக்ட்னு எழுதி இண்டைட்னு படிக்கணும். சப்டில் இல்ல சட்டில். டெப்ரிஸ் இல்ல டெப்ரீ, கடைசி எஸ் ஊமை, ஃபோ பா மாதிரி. பாண்டில பிரெஞ்சு பேர்ப்பலகைய பாத்து வளந்தவங்களுக்கு கடைசி எழுத்து ஊமையா இருக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. எந்த அசைல அழுத்தம்ங்கறதும் கேட்டு பழகணும், போனு டிக்‌ஷனரில ஸ்பீக்கர் பட்டன் இருக்கு, அத அமுத்தி கேட்டுட்டு சத்தமா சொல்லிப்பாருங்க. சத்தமா சொன்ன வார்த்தை நிக்கறது தனி.

வில்லியனூர் நர்ஸ்:
வெளிநாடு போறதுக்கு ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். ரைட்டிங்லயும் ஸ்பீக்கிங்லயும் நாலு அளவுகோல் இருக்கு, அதுல வார்த்தைவளம் ஒண்ணு, கால் பங்கு மார்க். அத கேள்விப்பட்டு எல்லாரும் ப்ளெத்தோரா, யூபிக்விட்டஸ்னு கட்டுரை பூரா தூவிடறாங்க. இடம் பொருந்தாம போட்டா மார்க் கொறையுமே தவிர ஏறாது. டீச்சர் சொன்ன ஜோடிதான் அங்கயும் பாக்கறாங்க. நைட் டியூட்டில நோயாளிகிட்ட என்ன கேக்கறோமோ அத தெளிவா சொல்லத் தெரிஞ்சாலே பாதி கெணறு தாண்டுன மாதிரி.

கெடிலக்கரை:
எல்லாரோடதும் நோட்டுல எழுதிக்கிட்டேன். கடைசியா ஒண்ணு, புரியுது, ஜோடியும் எழுதறேன், ஆனா மறக்குதே, எத்தன நாளைக்கு ஒரு தடவ திருப்பி பாக்கணும்?

நெல்லிக்குப்பம் கரும்பு:
எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னத்தானே சோதிச்சுப்பாத்து 1885லயே எழுதிட்டார், படிச்ச உடனேதான் மறதி வேகமா நடக்கும், போகப்போக மெதுவாகும்னு. அதனால மொதல்ல சீக்கிரம் சீக்கிரம் பாக்கணும், அப்பறம் இடைவெளிய நீட்டணும். அன்கின்னு ஒரு ஆப் இருக்கு, ஆன்ட்ராய்டுல இலவசம், இந்த கணக்க அதுவே போட்டுக்கும். போன எடுத்தா கவனம் வேற பக்கம் ஓடிடும்னா அட்டையே போதும், லைட்னர்னு ஒருத்தர் 1970கள்ல சொன்ன அஞ்சு பெட்டி முறை. வீட்ல பழைய கல்யாண பத்திரிகை கெடக்கும்ல, பின்பக்கம் வெள்ளையா இருக்கறத சின்னச்சின்னதா வெட்டிக்கோ. எல்லா அட்டையும் மொத பெட்டில ஆரம்பிக்கும். சரியா சொன்னா அடுத்த பெட்டிக்கு போகும், தப்பா சொன்னா எந்த பெட்டில இருந்தாலும் மறுபடி மொத பெட்டிக்கு வந்துடணும். மொத பெட்டிய தெனம் பாரு, பின்னாடி போகப்போக அப்பப்ப பாத்தா போதும். அட்டைல முன்பக்கம் ஒரு வாக்கியம், வார்த்தை இருக்கற எடத்துல கோடு. பின்பக்கம் வார்த்தை, பலா அண்ணே சொல்ற மாதிரி வீட்டுத் தமிழ்ல அர்த்தம், டீச்சர் சொன்ன ஜோடி. வார்த்தைய பாத்து அர்த்தம் சொல்றத விட வாக்கியத்த பாத்து வார்த்தைய வரவழைக்கறது கஷ்டம், அந்த கஷ்டத்துலதான் அது நிக்கும்.

பண்ருட்டி பலா:
அந்த வாக்கியத்த டிக்‌ஷனரிலேர்ந்து காப்பி அடிக்காத தங்கச்சி. உன் ஊர வச்சு நீயே எழுது. மஞ்சக்குப்பம், பஸ் ஸ்டாண்டு, கெடிலம், உங்க வீட்டு பாட்டி, எல்லாரையும் உள்ள கொண்டு வா.

கெடிலக்கரை:
இன்னிக்கு மஞ்சக்குப்பம் மைய நூலகத்துல ஒக்காந்து எழுதுனேன். டீச்சர், திருத்திக் குடுங்க.
மை க்ராண்ட்மதர் இஸ் ஃப்ரூகல் பட் நெவர் மைசர்லி.
த ஃப்ளட் வாட்டர் ரிசீடட் ஆஃப்டர் த ரெயின் சப்ஸைடட்.
த கண்டக்டர் ட்ரைட் டு பசிஃபை த ஆங்க்ரி பாசெஞ்சர்ஸ்.
த டாக்டர் கேவ் ஹர் எ டேப்லட் டு அஸ்வேஜ் ஹர் நீ பெயின்.

லாஸ்பேட்டை டீச்சர்:
மொதல் மூணும் அப்படியே வச்சுக்கலாம், கண்டக்டர் வாக்கியம் ரொம்ப நல்லா இருக்கு. நாலாவதுல முட்டிவலிக்கு அலீவியேட் போடுங்க. டாக்டர் மாத்திரை குடுத்து வலிய அலீவியேட் பண்ணட்டும், பாட்டி பயப்படும்போது நீங்க பக்கத்துல ஒக்காந்து பேசி அந்த பயத்த அஸ்வேஜ் பண்ணுங்க. ரெண்டையும் ரெண்டு அட்டையா எழுதி மொத பெட்டில போட்டுடுங்கம்மா. நாளைக்கு ப்ரீச்சுக்கும் இனன்டேட்டுக்கும் எழுதி போடுங்க, பாக்கறேன்.